நாற்பது படியிலிருந்து தொடங்குங்கள்

சனிக்கிழமை காலை சரியாக 11 மணிக்குச் சங்கு ஊதியது.

பூசானின் ஜுங்காங் மெட்ரோ நிலையத்தை விட்டு வெளியே வந்து, அண்ணன் மகளோடு அப்போதுதான் ஒரு சந்தில் திரும்பியிருந்தேன். எங்கள் ஊர் நகராட்சியில் முன்பெல்லாம் நேரத்துக்கு ஊதுவார்களே, அதே குரல். இது ஒரு நிமிடம் விடாமல் ஊதியது. எதிரே வந்த பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நடைபாதை ஓரமாக நின்றுவிட்டார். ஏதோ ஆபத்து என்று நினைத்து அவள் முழங்கையைப் பற்றிக்கொண்டேன்.

"பயப்படாதீங்க அத்தை. இன்னைக்கு நவம்பர் 11. கொரியப் போர்ல ஐ.நா. படையோட வந்து செத்துப்போனவங்களுக்காக வருஷா வருஷம் ஊதுறாங்க. அவங்க கல்லறை இந்த ஊர்லதான் இருக்கு. உலகத்துல எங்கே இருந்தாலும் இந்த நேரத்துல பூசான் பக்கமா திரும்பி நில்லுங்கன்னு கேட்டுக்கிறாங்க."

சங்கு அடங்கியதும் பெரியவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு தன் வழியே நடந்தார். நான் 30 ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் வரலாறு நடத்தியவள். கொரியப் போர் என்பது எங்கள் பாடப் புத்தகத்தில் ஒரு பத்தி. அந்தப் பத்தி நடந்த ஊரில் நிற்கிறேன் என்பது அந்தக் கணத்தில்தான் எனக்கு உறைத்தது.

அது 2023. அண்ணன் மகள் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு, "ஒரு வாரம் வந்து இருந்துட்டுப் போங்க அத்தை" என்று கூப்பிட்டாள். சோலிலிருந்து அதிவேக ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் பூசான் வந்துவிடுகிறது. வந்து சேர்ந்த வெள்ளிக்கிழமை ஹேயுண்டே கடற்கரைக்குப் போனோம். முதல்முறை வருகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு வெளிர் மணல், அதற்குப் பின்னால் வானைத் தொடும் கண்ணாடிக் கட்டடங்கள். சில்லா அரசுக் காலத்துப் புலவர் சோய் சி-வோன் தன் புனைபெயரை இந்த இடத்துக்கு விட்டுச் சென்றார் என்கிறார்கள். 'ஹேயுன்' என்றால் கடல் மேகம். பக்கத்திலேயே தோங்பேக் தீவு. 2005-ல் ஆசிய பசிபிக் தலைவர்கள் கூடிய மண்டபம் அங்கே பாறை முனையில் இருக்கிறது. நகரெங்கும் 2030 உலகக் கண்காட்சி எங்களுக்கு வேண்டும் என்று பதாகைகள் தொங்கின. அந்த மாதக் கடைசியில் அது ரியாத்துக்குப் போய்விட்டது.

அழகுதான். ஆனால் என் மனம் அதில் பதியவில்லை. திரும்பும்போது அவளிடம் அதைச் சொல்லிவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "முதல் வருஷம் நானும் இதைத்தான் பார்த்தேன். ஊர் எனக்கு ஒட்டவே இல்லை. எங்க லேப்ல ஒரு அக்கா இருக்காங்க, அவங்க பாட்டி வடக்கே இருந்து கப்பல்ல வந்தவங்க. அவங்கதான் என்னை நாற்பது படிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. நாளைக்கு உங்களையும் கூட்டிட்டுப் போறேன்."

அப்படித்தான் அந்தச் சந்துக்கு வந்திருந்தோம். நாற்பது படி என்பது உண்மையிலேயே நாற்பது கற்படிகள். நான் எண்ணிக்கொண்டே ஏறினேன். சுற்றுலாக் கையேட்டில் அரைப் பக்கம்கூடப் பெறாத இடம். அந்தப் படியின் நடுவில் ஒரு வெண்கல மனிதர் அக்கார்டியனை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறார். கீழே சாலையோரத்தில் குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய், அரிசிப் பொரி வெடிக்கப்போகிறது என்று காதைப் பொத்திக்கொள்ளும் சிறுவர்கள். எல்லாம் 1950-களின் அகதிகள்.

1950 ஜூன் 25-ல் போர் தொடங்கியது. மூன்றே நாளில் சோல் விழுந்தது. ஆகஸ்டில் தென்கொரியாவின் கையில் மிஞ்சியது, நாக்தோங் ஆற்றுக்கு இப்பால் தென்கிழக்கு மூலை மட்டும்தான். பூசான் தற்காலிகத் தலைநகரம் ஆனது. ஐந்து லட்சம்கூட இல்லாத துறைமுக நகரம் சில ஆண்டுகளில் பத்து லட்சத்தைத் தாண்டியது. வந்தவர்கள் நடந்து வந்தார்கள், ரயில் கூரையில் வந்தார்கள், கப்பலில் வந்தார்கள். அந்த டிசம்பரில் வடக்கே ஹுங்நாம் துறைமுகத்திலிருந்து மெரெடித் விக்டரி என்ற சரக்குக் கப்பல் 14,000 பேரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. அது 12 பயணிகளுக்கு மட்டும் இடமிருந்த கப்பல். வழியில் ஐந்து குழந்தைகள் பிறந்தன. பூசானை அடைந்தபோது, இங்கே இனி இடமில்லை என்று கோஜே தீவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இடம் கிடைத்தவர்கள் துறைமுகத்தை ஒட்டிய இந்தப் படிகளைச் சுற்றிக் குடிசை போட்டார்கள். நிவாரணப் பொருள்களை இங்கே விற்றார்கள். தண்ணீர்க் குடத்தோடு இதில் ஏறி இறங்கினார்கள். தொலைந்த உறவுகளைத் தேடி இங்கே நின்றார்கள். படியின் உச்சியில் உட்கார்ந்து இதையெல்லாம் அவள் சொல்லச் சொல்ல, முந்தைய நாள் பதியாத ஊர் மெல்ல என்னுள் இறங்கத் தொடங்கியது.

அங்கிருந்து மேற்கே நடந்தோம். போசு-டோங் பழைய புத்தகச் சந்து, வடக்கிலிருந்து வந்த ஒரு தம்பதி பழைய பத்திரிகைகளைப் பரப்பி விற்றதில் தொடங்கியது. ஓடிவந்த பல்கலைக்கழகங்கள் மலைச்சரிவில் கூடாரம் போட்டு வகுப்பு நடத்தியபோது, மாணவர்கள் பாடப் புத்தகம் வாங்கியதும் விற்றதும் இங்கேதான். ஆள் ஒருக்களித்து நடக்கவேண்டிய அகலம். இருபுறமும் தலைக்கு மேலே புத்தகக் கட்டுகள். எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. இருந்தும் அரைமணி நேரம் நகர மனமில்லை. குக்ஜே சந்தையை வேகமாகக் கடந்தோம். துணிக்கடைகளை எந்த ஊரிலும் பார்த்துக்கொள்ளலாம்.

மதியம் மில்மியோன் சாப்பிட்டோம். பனிக்கட்டி மிதக்கும் குளிர்ந்த குழம்பில் கோதுமை நூடுல்ஸ். வடக்கிலிருந்து வந்த அகதிகளின் ஊரில் இதைப் பக்வீட் மாவில் செய்வார்கள். பூசானில் அந்த மாவு கிடைக்கவில்லை. அமெரிக்க உதவியாக வந்த கோதுமை மாவுதான் கிடைத்தது. இழந்த ஊரின் பண்டத்தைக் கையில் இருந்த மாவில் செய்து பார்த்தார்கள். அது இன்று இந்த நகரத்தின் சொந்த உணவாகிவிட்டது. கடும் குளிரில் அதைச் சாப்பிடுவது சரியா என்று யோசித்தேன். இரண்டாவது வாயில் யோசனை போய்விட்டது. சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: குழம்பு எலும்பில் கொதித்தது. அவர்களுக்குக் கோயில்களை ஒட்டிய உணவகங்களில் காய்கறி கலந்த சோறான பிபிம்பாப் கேட்டு வாங்குவது நல்லது.

இரண்டு மணிக்குள் யோங்டோ பாலத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று அவள் என்னை விரட்டினாள். காரணம் இருந்தது.

யோங்டோ என்பது துறைமுகத்துக்கு எதிரே உள்ள தீவு. ஜப்பானியர் ஆட்சியில் 1934-ல் அதை நிலத்தோடு இணைக்கும் பாலத்தைக் கட்டினார்கள். கப்பல் வந்தால் ஒரு பக்கம் அப்படியே மேலே தூக்கிக்கொள்ளும். கொரியா முழுதும் இந்த அதிசயம் பேசப்பட்டது. போரில் குடும்பங்கள் பிரியும்போது, பூசானைப் பார்த்தே இராதவர்களுக்கும் தெரிந்த ஒரே அடையாளம் இந்தப் பாலம்தான். "பிரிந்துவிட்டால் யோங்டோ பாலத்தில் சந்திப்போம்" என்று சொல்லிவிட்டு ஓடினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வந்து காத்திருந்தார்கள். கைப்பிடிச் சுவர்களில் பெயர் எழுதிய தாள்களை ஒட்டினார்கள். பாலத்தடியில் குறி சொல்கிறவர்களின் வரிசை ஒன்று முளைத்தது. கணவன் உயிரோடு இருக்கிறானா, பிள்ளை வருவானா என்று கேட்க அவர்கள் முன் பெண்கள் உட்கார்ந்தார்கள். அந்தக் காத்திருப்பைப் பாடிய ஹியுன் இன் என்ற பாடகருக்குப் பாலத்தின் முனையில் சிலை வைத்திருக்கிறார்கள்.

1966-ல் பாலத்தைத் தூக்குவதை நிறுத்தினார்கள். பழையதை அகற்றி அதே உருவில் புதிதாகக் கட்டி, 2013-ல் மறுபடி தூக்கத் தொடங்கினார்கள். நாங்கள் போன காலத்தில் சனிக்கிழமை 2 மணிக்கு மட்டும். போக்குவரத்தை நிறுத்தினார்கள். சாலை, அதன் வெள்ளைக் கோடுகளோடு, ஒரு கதவு திறப்பதுபோல வானை நோக்கி எழுந்தது. என் பக்கத்தில் சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி. பேரன் போர்வையை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டான். மற்றவர்கள் எல்லோரும் கைபேசியை உயர்த்திப் படம் பிடிக்க, அவர் மட்டும் உயர்ந்து நின்ற சாலையைப் பார்க்காமல், கரையில் நின்றவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவராகப் பார்த்தார். என்னையும் பார்த்தார். கால்மணி நேரத்தில் பாலம் இறங்கியது. பேரன் நாற்காலியைத் திருப்பினான். பூசானில் நான் பார்த்தவற்றில் எது பெரியது என்று கேட்டால் அந்தக் கால்மணி நேரத்தைத்தான் சொல்வேன்.

பாலத்திலிருந்து கரையோரமாகவே நடந்தால் ஜகல்ச்சி மீன் சந்தை. கொரியாவின் மிகப் பெரிய மீன் சந்தை இது. தொட்டிகளில் கணவாய், நண்டு, திருக்கை. பலகைகளில் வெள்ளி நாடாபோல வாளை. ரப்பர் பூட்ஸும் பூப்போட்ட கைத்துணியும் அணிந்த பெண்கள்தான் இங்கே வியாபாரிகள். போரில் கணவனை இழந்தவர்களும், பிழைக்க வந்தவர்களும் கூடையில் மீன் வைத்து விற்றதில் வளர்ந்த சந்தை. "ஓயிசோ, போயிசோ, சாயிசோ" என்பது அவர்களின் முழக்கம், பூசான் வட்டார வழக்கில். அண்ணன் மகள் ஒரே மூச்சில் தமிழாக்கிவிட்டாள்: "வாங்க, பாருங்க, வாங்கிட்டுப் போங்க!" கீழ்த்தளத்தில் மீனைத் தேர்ந்தெடுத்தால் மாடியில் தனிக் கட்டணத்துக்கு வெட்டி, சமைத்துத் தருகிறார்கள். பச்சை மீன் வேண்டாதவர்கள் பக்கத்துச் சந்தில் சுட்ட கானாங்கெளுத்தி கேளுங்கள். நகரத்தின் அடையாள மீனாக அறிவிக்கப்பட்டது அதுதான். உப்பு மட்டும் போட்டுச் சுட்டது, சோற்றோடு.

இரவு குவாங்கல்லி கடற்கரையில், ஒளிரும் பாலத்துக்கு மேல் ட்ரோன்கள் வானத்தில் படம் வரைந்தன. கூட்டம் ஆர்ப்பரித்தது. எனக்கு இன்னும் பாட்டியின் கண்கள்தான்.

மறுநாள் தோசோங் நிலையத்தில் இறங்கி, மலை ஏறும் சின்னப் பேருந்தைப் பிடித்தோம். அந்தப் பேருந்தில் வருகிற வெளிநாட்டினர் அநேகமாக எல்லோரும் காம்சோன் போகிறார்கள். நாங்கள் அதற்கு முன்னாலேயே ஆமி-டோங்கில் இறங்கினோம்.

ஜப்பானியர் காலத்தில் ஆமி-டோங் அவர்களுடைய இடுகாடு. 1945-ல் அவர்கள் நாடு திரும்பிவிட்டார்கள். கல்லறைகள் இங்கேயே நின்றன. ஐந்தாறு ஆண்டில் அகதிகள் வந்தார்கள். மலையில் சமதளம் கிடைத்த இடம் கல்லறை மேடைகள்தான். அவற்றின்மேல் கூடாரத்துணியும் பலகையும் போட்டு வீடாக்கினார்கள். கல்லறைக் கற்கள் அஸ்திவாரமாயின, படிகளாயின, சுவரில் செருகிய கற்களாயின. இன்றும் பார்க்கலாம். ஒரு வீட்டுக்கு ஏறும் படியில் குனிந்து பார்த்தேன். யாரோ ஒருவருடைய பெயர், செதுக்கிய எழுத்து தேயாமல் இருந்தது. காலை வைக்க மனம் வரவில்லை.

மூச்சு வாங்க ஓரத்தில் உட்கார்ந்தேன். கிம்ச்சி ஊறுகாய் போடும் பருவம். எதிர்வீட்டு வாசலில் ஒரு பெரிய தொட்டியில் கோஸ் உப்பில் ஊறிக்கொண்டிருந்தது. தெர்மாகோல் பெட்டிகளில் வெங்காயத்தாள் நின்றது. வயதான அம்மா ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தக்காளிபோலச் சிவந்து கனிந்த ஒரு பெர்சிமன் பழத்தை என் கையில் வைத்தார். எழுத்து செதுக்கிய அந்தப் படியைப் பற்றி அண்ணன் மகள் மரியாதையாக, தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவர் சொன்னதை எனக்குத் தமிழில் சொன்னாள்: "அவங்க மாமியார் காலத்துல இருந்து, பண்டிகைக்குச் சோறு வைக்கிறப்ப அந்தப் பேருக்கும் ஒரு கிண்ணம் வைப்பாங்களாம். நமக்கு இடம் கொடுத்தவங்க இல்லையான்னு கேட்கிறாங்க அத்தை."

தங்களை அடிமைப்படுத்திய நாட்டின் பிணங்கள் அவை. இந்த ஏழைகள் அவற்றுக்குப் படையல் வைத்தார்கள். நான் பழத்தைப் பிய்த்துச் சாப்பிட்டேன். தொண்டையில் இறங்க நேரமாயிற்று.

காம்சோன் அங்கிருந்து நடக்கும் தூரம். மலைச்சரிவு முழுக்க நீலமும் இளஞ்சிவப்பும் மஞ்சளும் பூசிய சின்ன வீடுகள். ஒரு வீட்டின் பார்வையை இன்னொரு வீடு மறைப்பதில்லை. 1950-களில் தேகுக்தோ என்ற சமயத்தைச் சேர்ந்தவர்கள் மொத்தமாகக் குடியேறிய ஊர் இது. ஆட்கள் காலி செய்துகொண்டே போன நேரத்தில், 2009-ல் கலைஞர்கள் வந்து சுவர்களில் ஓவியமும் சிற்பமும் வைத்தார்கள். இன்று குட்டி இளவரசன் சிலையோடு உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள நீண்ட வரிசை நிற்கிறது. அந்த வரிசையில் நிற்காதீர்கள். காலை ஒன்பது மணிக்குள் வந்துவிடுங்கள். சந்துகளில் குரலைத் தாழ்த்துங்கள். திறந்த ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள். உள்ளே மனிதர்கள் குடியிருக்கிறார்கள். அங்கங்கே அட்டையில் அதை எழுதியே வைத்திருக்கிறார்கள்.

திங்கள்கிழமை ஹேயுண்டேயிலிருந்து 181-ஆம் எண் பேருந்தில் யோங்குங்சா போனோம். கொரியக் கோயில்கள் பெரும்பாலும் மலைக்குள் இருக்கும். இது அலை தெறிக்கும் பாறைமேல் இருக்கிறது. 108 படி இறங்க வேண்டும். 1376-ல் இதை நிறுவியவர் நாவோங் என்ற துறவி. அவருடைய குரு ஜிகோங், இந்தியாவிலிருந்து 14-ஆம் நூற்றாண்டில் சீனா வழியாகக் கொரியாவுக்கு வந்தவர். இதைப் படித்துக்கொண்டு போனால் அந்தப் படிகள் வேறுவிதமாகத் தெரியும். நேரம் இருப்பவர்கள் பக்கத்து நகரமான கிம்ஹேவுக்கும் மின்ரயிலில் போகலாம். கடல் கடந்து வந்த அரசி ஹோ ஹ்வாங்-ஓக்கின் கல்லறை மேடு அங்கே இருக்கிறது. அவர் பாண்டிய நாட்டுப் பெண் என்று நம்மவர்கள் சிலர் உறுதியாகச் சொல்கிறார்கள். 13-ஆம் நூற்றாண்டின் கொரிய நூல் 'ஆயுதா' என்ற நாட்டின் பெயரை மட்டும்தான் சொல்கிறது. அதற்கு மேல் ஏற்றிச் சொல்ல வரலாறு படித்த எனக்கு மனம் இல்லை. நம்மவர் ஒருவர் அந்த மண்ணில் நிச்சயமாகக் கால் வைத்ததற்குச் சான்று வேறு இடத்தில் இருக்கிறது.

கடைசி நாள், டேயோன் நிலையத்தில் இறங்கி, சனிக்கிழமைச் சங்கு யாருக்காக ஊதியதோ அவர்களிடம் போனோம். உலகத்தில் ஐ.நா.வின் பெயரில் உள்ள ஒரே கல்லறைத் தோட்டம் இது. 1951-ல் அமைத்தது. பல நாடுகளைச் சேர்ந்த சுமார் 2,300 பேர் இங்கே இருக்கிறார்கள். பிரிட்டிஷார் அதிகம், அடுத்து துருக்கியர். ஒவ்வொருவர் அருகிலும் ஒரு ரோஜாச் செடி. தோட்டத்தின் நடுவில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. இங்கே இருப்பவர்களில் மிக இளையவனான ஆஸ்திரேலிய வீரன் டான்ட்டின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். அவனுக்கு வயது 17. நான் கடைசியாக நடத்திய பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வயது. போர் முடிந்து ஊர் திரும்பி, முதுமையில் இறந்த வீரர்கள் சிலரும் தோழர்களோடு இருக்க வேண்டும் என்று கேட்டு, 2015 முதல் இங்கே வந்து சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். ஒரு கறுப்புச் சுவரில் 40,896 பெயர்கள்.

கல்லறைகள் இருக்கும் அந்த நாடுகளில் இந்தியா இல்லை. இந்தியா சண்டைப் படை அனுப்பவில்லை, மருத்துவர்களை அனுப்பியது. 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு 1950 நவம்பரில் இதே பூசான் துறைமுகத்தில்தான் வந்து இறங்கியது. தலைவர், லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். பெயரிலேயே ஊரைச் சுமந்து வந்தவர். அந்த டிசம்பரில் பியோங்யாங்கை விட்டு எல்லோரும் பின்வாங்கியபோது மருந்தையும் கருவிகளையும் விட்டுவர அவருடைய ஆட்களுக்கு மனமில்லை. ஒரு பழைய நீராவி எஞ்சினைத் தேடிப் பிடித்து, எல்லாவற்றையும் ஏற்றி, தாங்களே ஓட்டிக்கொண்டு தெற்கே வந்தார்கள். 1951 மார்ச்சில் அமெரிக்கப் படையோடு முன்சானில் பாராசூட்டில் குதித்த இந்தியர்கள் 12 பேர். ரங்கராஜும் அவர்களில் ஒருவர். அவருக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது. 2020 ஜூலையில் கொரிய அரசு அந்த மாதத்தின் போர் நாயகராக அவரை அறிவித்தது.

இத்தனையும் அன்று அந்தத் தோட்டத்துப் பெஞ்சில் உட்கார்ந்து அண்ணன் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முப்பது ஆண்டுகளில் ஒரு பிள்ளைக்கும் நான் இந்தப் பெயரைச் சொல்லித்தரவில்லை. அது எனக்கு வலித்தது, இப்போதும் வலிக்கிறது. ஊர் திரும்பியதும் செய்த முதல் வேலை, நான் பணியாற்றிய பள்ளிக்குப் போய், வரலாறு நடத்தும் இளம் ஆசிரியரிடம் ரங்கராஜின் பெயரை எழுதிக் கொடுத்தது.

பூசானுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஹேயுண்டேயைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது படியில் தொடங்குங்கள். நல்ல நடைக்காலணியும், கைபேசியில் நேவர் மேப்பும் வேண்டும். நாங்கள் போனபோது கூகுள் வரைபடம் அங்கே நடைவழி காட்டவில்லை. நவம்பர் 11 அன்று அந்த ஊரில் இருக்க நேர்ந்தால், 11 மணிக்குச் சங்கு கேட்கும்போது எங்கே இருந்தாலும் ஒரு நிமிடம் நில்லுங்கள். டேயோன் எந்தத் திசை என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்டால் கை காட்டுவார்.